வார்டுக்குத் தந்த வாக்கு என்ன ஆனது?

உள்ளாட்சித் தேர்தலில் தரப்படும் வாக்குறுதி மிக அருகில் நின்று தரப்படுவது. நாடாளுமன்ற வேட்பாளரும் சட்டமன்ற வேட்பாளரும் திறந்த வேனில் கும்பிட்டபடி தெருவைக் கடந்து போய்விடுகிறார்கள். கவுன்சிலர் பதவிக்கும் ஊராட்சித் தலைவர் பதவிக்கும் நிற்பவர்கள் வாசற்படி வரை வருகிறார்கள். "அக்கா, இந்தச் சாக்கடையை மூடிக் காட்டுறேன்", "அண்ணே, தெரு விளக்கு என் பொறுப்பு" என்று சாக்கடையையும் கம்பத்தையும் கைகாட்டியே சொல்கிறார்கள். ஓட்டுப் போட்டவரும் வாங்கியவரும் ஒரே ஊரில், பல நேரம் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். அதனால்தான் இந்த ஏமாற்றம் மற்ற ஏமாற்றங்களைவிட அதிகம் கசக்கிறது. சாக்கடை மூடப்படவில்லை என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை, கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புறத் தேர்தல் 12,800-க்கும் மேற்பட்ட வார்டுகளுக்கானது. வார்டுக்கு நான்கைந்து பேர் நின்றார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, எத்தனை ஆயிரம் வாக்குறுதிகள் வாசல் வாசலாகத் தரப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அவற்றில் நிறைவேறாதவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அந்தப் பதவிக்கு அதிகாரமே இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொன்னது முதல் வகை. அதிகாரம் இருந்தும் பணமோ, அதிகாரிகளின் ஒத்துழைப்போ, சக உறுப்பினர்களின் ஆதரவோ இல்லாமல் நின்றுபோனது இரண்டாம் வகை. அதிகாரமும் பணமும் இருந்தும் செய்யாமல் விட்டது மூன்றாம் வகை. "எல்லா அரசியல்வாதியும் இப்படித்தான்" என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டும்போது, மூன்றாம் வகைக்காரர் முதல் இரண்டின் பின்னால் ஒளிந்துகொள்கிறார். வாக்காளர் இவற்றைப் பிரித்தறிந்தால்தான் கேள்வி சரியான ஆளிடம் போய்ச் சேரும்.

நோட்டீஸில் இருப்பது, பதவியில் இல்லாதது

வார்டு வேட்பாளர் ஒருவரின் நோட்டீஸில் வழக்கமாக இடம்பெறும் பட்டியல் இது: தினமும் குடிநீர், பாதாளச் சாக்கடை, தார்ச்சாலை, எல்.இ.டி. விளக்கு, வீட்டுமனைப் பட்டா, முதியோர் உதவித்தொகை, புதிய ரேஷன் கடை, டாஸ்மாக் கடை அகற்றம். எட்டு வாக்குறுதிகளும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சாகின்றன. ஆனால், பாதி அந்தப் பதவியின் கையில் இல்லை.

பட்டாவும் முதியோர் உதவித்தொகையும் வருவாய்த் துறையின் வேலை. அவற்றில் முடிவெடுப்பது தாலுகா அலுவலகம். ரேஷன் கடை உணவு வழங்கல் துறையையும் கூட்டுறவுத் துறையையும் சார்ந்தது. டாஸ்மாக் மாநில அரசின் நிறுவனம். மின்தடைக்கு மின்வாரியம் பொறுப்பு. இவை எதிலும் கவுன்சிலரின் கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. மனு எழுத உதவலாம், அதிகாரியைப் பார்க்கக் கூடவே போகலாம், தீர்மானம் போட்டு அனுப்பலாம். "பட்டா மனுவோடு தாலுகா ஆபீஸுக்குக் கூட வருவேன்" என்பது அவரால் காப்பாற்றக்கூடிய வாக்கு. "பட்டா வாங்கித் தருவேன்" என்பது வேறொருவர் கையில் இருப்பதைத் தன்னுடையதாகக் காட்டுவது.

குடிநீரும் சாக்கடையும் இன்னும் சிக்கலானவை. சென்னையில் குடிநீர், கழிவுநீர் இரண்டையும் 1978-ல் தொடங்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம் பார்க்கிறது. மழைநீர் வடிகாலும் உட்புறச் சாலைகளும் மாநகராட்சியிடம் இருக்கின்றன. முக்கியச் சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். மாநகராட்சி போட்ட புதுச் சாலையை அடுத்த மாதமே வேறொரு துறை தோண்டுவது இதனால்தான். தெருவில் நிற்பவருக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரிவதில்லை. அவருக்குத் தெரிந்த முகம் கவுன்சிலர் ஒருவர்தான். மற்ற ஊர்கள் பலவற்றுக்கு, 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியே தண்ணீர் வருகிறது. எங்கோ ஒரு நீரேற்று நிலையம் நின்றுபோனால், உள்ளூர்த் தலைவர் நாள்தோறும் தண்ணீர் விடுவதாகச் சொன்ன வாக்கும் அதோடு நின்றுபோகிறது.

அதே நேரத்தில், ஊராட்சியின் கையிலேயே உள்ள வேலைகளும் கணிசமானவை. 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊர்ச் சாலைகள், தெரு விளக்கு, வடிகால், பொதுச் சுகாதாரம், சுடுகாடு-இடுகாடு, குடிநீர் வழங்கல் ஆகியவற்றை ஊராட்சியின் கட்டாயக் கடமைகளாக வைத்திருக்கிறது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது, எரியாத விளக்கை மாற்றுவது, குப்பை அள்ளுவது, சாக்கடையைத் தூர் வாருவது இவற்றுக்கெல்லாம் கோட்டையிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை. இவை நடக்கவில்லை என்றால் "மேலே இருந்து வரலை" என்ற பதில் செல்லாது.

அதிகாரம் எங்கே நிற்கிறது?

1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் உள்ளாட்சிக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்தன. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் ஆகியவை கட்டாயமாயின. ஊராட்சிகளுக்கு 29 பொருள்களும் நகர அமைப்புகளுக்கு 18 பொருள்களும் அட்டவணைகளில் பட்டியலிடப்பட்டன. ஆனால், அவற்றில் எதை, எந்த அளவுக்குக் கைமாற்றுவது என்ற முடிவை அரசியல் சட்டம் மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டது. கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, வேளாண் அலுவலகம் போன்றவற்றையும் அவற்றின் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான துறைகள் சென்னையிலிருந்தும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்தும்தான் இயங்குகின்றன. ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் நடவடிக்கையில் இறுதி முடிவெடுப்பவர் மாவட்ட ஆட்சியர். மாநகராட்சியில் ஆணையர் மாநில அரசு நியமிப்பவர்.

நகரத் தலைமையை மக்கள் தேர்ந்தெடுக்கும் முறையும் நிலையாக இல்லை. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகியபோது, புதியவர்களைத் தேர்ந்தெடுத்ததும் மாமன்ற உறுப்பினர்கள்தான். நகரத்துக்கு வாக்குக் கொடுத்த தலைமை மாறுகிறது, நகரத்து வாக்காளருக்கு அதில் பங்கில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

உள்ளாட்சிகளுக்குப் பணம் வரும் வழிகள் மூன்று: சொந்த வரிகள், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு, மத்திய நிதி ஆணைய மானியம். தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளோடு பகிரும் முறையைப் பின்பற்றி வந்திருக்கிறது. மத்திய மானியம் நிபந்தனைகளோடு வருவது. 15-வது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டியது. 40 சதவீதத்தைத்தான் ஊரின் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம், அதிலிருந்தும் சம்பளம் கொடுக்க முடியாது. மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லி ஜெயித்த ஒரு தலைவரின் கையில் பணம் இருந்தும், அந்தப் பணம் மண்டபத்துக்கானதாக இல்லாமல் போகலாம்.

சொந்த வரியிலும் முழுச் சுதந்திரம் கிடையாது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்து ஆறு வாரத்துக்குள், ஏப்ரல் 1 அன்று, சொத்து வரி உயர்வு வெளியானது. கட்டடத்தின் பரப்பையும் இடத்தையும் பொறுத்து உயர்வு 25 முதல் 150 சதவீதம் வரை இருந்தது. 15-வது நிதி ஆணையத்தின் நிபந்தனை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின, ஆனால் முடிவு மாநில அளவில் எடுக்கப்பட்டது. புதிதாகப் பதவியேற்ற கவுன்சிலர்கள் வார்டுக்குள் நுழைந்து எதிர்கொண்ட முதல் கேள்விகளில் ஒன்று, அவர்கள் யாரும் நோட்டீஸில் எழுதாத இந்த வரியைப் பற்றியது.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து

கிராம ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்புதலும் தேவை. தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவரும் எதிரெதிர் அணி என்றால், சின்ன வேலையும் சிக்கிக்கொள்கிறது. போர் மோட்டார் காயில் எரிந்துபோகிறது. மெக்கானிக் வந்து கழற்றி, வைண்டிங் கட்டி, திரும்ப மாட்டிவிட்டுப் போகிறார். பில்லில் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். அடுத்த முறை மோட்டார் நின்றால், "பழைய பாக்கியைக் குடுங்க முதல்ல" என்கிறார் மெக்கானிக். நாலு நாள் குழாயில் காற்றுதான் வருகிறது. ஊர் தலைவரைத் திட்டுகிறது. பில் எந்த மேஜையில் கிடக்கிறது என்பது ஊருக்குத் தெரிவதில்லை.

சாதி இந்தப் பூட்டை இன்னும் இறுக்குகிறது. மதுரை மாவட்டம் மேலவளவில், பட்டியல் சாதியினருக்குத் தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூனில் கொல்லப்பட்டார். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996-க்குப் பின் பத்தாண்டு காலம் முறையான தேர்தலை நடத்தவே விடவில்லை, 2006-ல்தான் அது சாத்தியமானது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டது 2020-ல் வெளியே வந்தது. நாற்காலியே மறுக்கப்பட்ட ஒருவர் வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்று கணக்குப் பார்ப்பதற்கு முன், அவரைச் செயல்பட விட்டார்களா என்று கேட்பதுதான் நியாயம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதனால் ஆயிரக்கணக்கான பெண்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். பல ஊர்களில் "தலைவர்" என்று அழைக்கப்படுபவர் தலைவரின் கணவராக இருப்பதும் உண்மை. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், பதவியில் இருப்பவர் இன்னொருவர் என்றாகும்போது, எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடாத ஒருவரிடம் ஊர் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தெரிந்தே உடைக்கப்படும் வாக்கு

இந்தத் தடைகள் எல்லாம் உண்மையானவை. ஆனால், இவற்றைக் காட்டியே தப்பித்துக்கொள்ளும் மூன்றாம் வகைதான் வாக்காளரின் கோபத்துக்கு முழுத் தகுதி உடையது. அதன் வேர் தேர்தல் செலவில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் வேட்பாளர் சட்டப்படி 34,000 ரூபாய் வரைதான் செலவழிக்கலாம். போட்டி கடுமையான ஊரில் உண்மையான செலவு அந்த வரம்பில் நிற்பதில்லை என்பது ஊரறிந்தது. ஜெயித்த பின் தலைவருக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய், ஐந்தாண்டுக்கு 1,20,000. மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் 2023 ஜூலையில்தான் வந்தது. அதுவரை கூட்ட அமர்வுப் படி மட்டுமே கிடைத்தது. லட்சங்களைப் போட்டவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது.

இந்த வகை வாக்குமீறலுக்கு அடையாளங்கள் உண்டு. நன்றாக இருக்கும் தெருவுக்கே மறுபடி பேவர் பிளாக் போடப்படும், குண்டும் குழியுமான தெரு அப்படியே கிடக்கும். வடிகால் கட்டப்படும், ஆனால் அது எங்கும் போய்ச் சேராது. புது போர் தலைவரின் சொந்தக்காரர் தெருவில் இறங்கும். வீடு கட்ட மணல் இறங்கியதும் கவுன்சிலரின் ஆள் வந்து நிற்பார். இவற்றுக்கு அதிகாரக் குறைவோ நிதிக் குறைவோ காரணம் அல்ல. இருக்கும் அதிகாரமும் நிதியும் வேறு பக்கம் திருப்பப்படுகின்றன.

கேட்கப் போகிறவரின் வாயை அடைக்க ஒரு பதில் தயாராக இருக்கிறது: "காசு வாங்கிட்டுத்தானே ஓட்டுப் போட்டே?" ஓட்டுக்குக் காசு தருவதன் பெரிய லாபம் அந்த ஒரு ஓட்டு மட்டுமல்ல, அடுத்த ஐந்தாண்டு மௌனமும்தான். வாங்கிய குடும்பம் கேட்கக் கூசுகிறது. வாங்காத குடும்பமும் அதே பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும் என்று ஒதுங்குகிறது. காசு வாங்கியது தவறு. ஆனாலும், சாலையும் தண்ணீரும் வரிப்பணத்தில் வருபவை. அவற்றைக் கேட்கும் உரிமை அந்தக் காசோடு விற்பனையாகிவிடவில்லை.

கேள்வி கேட்கும் சட்ட வழிகள்

வாக்குறுதியை மீறியதற்காக நீதிமன்றம் போக முடியுமா? 2006 தேர்தலின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதியிலிருந்து எழுந்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கீழ் ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் நிதி வழியையும் கட்சிகள் சொல்ல வேண்டும் என்ற பிரிவு நடத்தை விதிகளில் சேர்ந்தது. அதுவும் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக்கானது. வார்டு வேட்பாளர் வாசலில் நின்று சொன்னதற்கு எந்த விதியும் கிடையாது.

திரும்ப அழைக்கும் உரிமை தமிழ்நாட்டு வாக்காளருக்கு இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்கள் விஷயத்தில் அது சட்டத்தில் கொண்டுவரப்பட்டது. கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்கினர் கோரிக்கை வைத்தால், முடிவு மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள் இருக்கும்: காலி நாற்காலி, ஆள் அமர்ந்திருக்கும் நாற்காலி. காலி நாற்காலிக்கு அதிக ஓட்டு விழுந்தால் தலைவர் இறங்க வேண்டும். 2001-ல் மத்தியப் பிரதேசத்தின் அனூப்பூரிலும், 2008-ல் சத்தீஸ்கரின் சிறு நகரங்கள் மூன்றிலும் தலைவர்கள் இப்படிப் பதவி இழந்தார்கள். ஹரியானா 2020-ல் ஊராட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்கச் சட்டம் செய்தது. மத்தியப் பிரதேச, சத்தீஸ்கர் முறைக்கும் குறை உண்டு. தொடக்கம் கவுன்சிலர்களின் கையில் இருப்பதால், மக்களின் கோபத்தைவிட மன்றத்துக்குள் நடக்கும் பதவிச் சண்டை அதைப் பயன்படுத்திக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மிஞ்சியிருப்பது அடுத்த தேர்தல். அதுவும் தமிழ்நாட்டில் உரிய நேரத்துக்கு வருவதில்லை. சென்னை மாநகராட்சி 1973-ல் கலைக்கப்பட்ட பின் 1996 வரை மன்றமே இல்லாமல் நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது. ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022-லும்தான் நடந்தது. 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும், தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். வாக்கு மீறியவரை வீட்டுக்கு அனுப்பவும், வாக்குக் காத்தவரை மறுபடி அமர்த்தவும் வாக்காளருக்கு இருக்கும் ஒரே நாள் தேர்தல் நாள். அதைத் தள்ளிப்போடும் எந்த அரசும், உடைந்த வாக்குறுதிகளுக்குக் காவல் நிற்கிறது.

காப்பாற்றிய ஓர் ஊர்

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் சொன்னதைச் செய்த ஊராட்சிகள் உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறையில் 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் தலைவராக இருந்தார். பவானி ஆற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்தபின், பம்புக்கும் தெரு விளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் பணத்தை விழுங்கத் தொடங்கியது. வேறு பல ஊர்களில் குடிநீர் வாக்குறுதி தடுமாறும் இடம் இதுதான். ஓடந்துறை 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதில் 1.15 கோடி வங்கிக் கடன். 2006-ல் ஓடத் தொடங்கிய அந்தக் காற்றாலை ஊரின் தேவைக்கு மேல் மின்சாரம் தந்தது. மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்ற வருமானத்தில் கடன் அடைபட்டது. அவர் இருந்ததும் மற்ற 12,000 ஊராட்சிகளுக்கு இருக்கும் அதே சட்டத்துக்குள், அதே அதிகாரத்தோடுதான். தலைவர் தடையை மக்களிடம் மறைக்காமல் சொல்லி, அதற்கு வழி தேடினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓடந்துறை சான்று.

எப்போது, எங்கே, எதைக் கேட்பது?

தேர்தலுக்கு முன் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் மூன்று கேள்விகள் போதும்: இது உங்கள் பதவியின் அதிகாரத்தில் வருமா? பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? எப்போது முடியும்? மூன்றுக்கும் பதில் சொல்பவர் தன் பதவியைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள். நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் உதவும். எழுத்தில் இருப்பதை "நான் சொல்லவே இல்லை" என்று மறுக்க முடியாது.

பதவியேற்ற பின் கேட்கும் இடம் கிராமங்களில் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆள் வராத ஊரில் பதிவேட்டைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது நடக்கிறது. கையெழுத்துப் போட்டவர், படிக்காத வரவு-செலவுக்கு ஒப்புதல் தந்தவராகிவிடுகிறார். நகரங்களில் 2022 முதல் வார்டுக் குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. அவை கூடுகின்றனவா என்று கேட்பதே நகரத்து வாக்காளரின் முதல் வேலை.

வாய்மொழிப் பதில் போதாதபோது தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு சாலைக்கு மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பணம் பட்டுவாடா செய்த விவரம் ஆகிய நான்கையும் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்துக் கேட்கலாம். பக்கக் கணக்கில் நகல் செலவு தனி. பணி நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட அந்தச் சட்டம் உரிமை தருகிறது. நிதி முறைகேட்டுக்கு உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் புகார் கொடுக்கலாம். இவை எதுவும் ஒரே நாளில் பலன் தராது. ஆனால், எந்த வேலை அதிகாரம் இல்லாமல் நின்றது, எது பணம் இல்லாமல் நின்றது, எது மனம் இல்லாமல் நின்றது என்பது இந்தக் காகிதங்களில் தெரிந்துவிடும்.

அது தெரிந்த வாக்காளரின் ஏமாற்றம் வெறும் புலம்பலாக நிற்காது. அதிகாரம் இல்லாத இடத்தில், உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடு என்று மாநில அரசிடம் கேட்பார். பணம் இல்லாத இடத்தில், நிதிப் பங்கு எங்கே என்று கேட்பார். இரண்டும் இருந்தும் வேலை நடக்காத இடத்தில், தன் வாசலுக்கு வந்து வாக்குக் கொடுத்த ஆளிடமே, கையில் கணக்கோடு போய் நிற்பார்.